ஒரு கதவும் பதினொரு ‘வேண்டாம்’களும்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். மொன்றியலில், லாசாலில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பு; அங்கே இருக்கிற நம்மவர்களைப் பார்க்க அடிக்கடி போய்வருவேன். பெயர் எதற்கு? இப்படியான இடங்களின் பெயரில் எப்படியும் ஒரு தோட்டமோ ஒரு நீரூற்றோ இருக்கும். உள்ளே போய்த் தேடினால்தான் இருக்காது.

புதிதாக ஒரு பகுதி கட்டியிருந்தார்கள். கீழே ஜிம். அதற்குப் பக்கத்தில் இருபது பேர் இருந்து படம் பார்க்க ஒரு அறை. ஜிம்மின் கூரைமேல் கண்ணாடித் தடுப்புப் போட்ட பெரிய மொட்டை மாடி... இங்கே டெராஸ் என்பார்கள். விழா அங்கேதான். பலூன், கேக், நுரை தள்ளுகிற ஆப்பிள் ஜூஸ். மனேஜர் மேடம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டத் தயாராக நின்றோம்.

அப்போதுதான் கீழே அலாரம் அடித்தது.

சாதாரண அடியா அது? காதுக் கருவி போட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காதைப் பிடித்துக்கொண்டார்கள். பணியாளர்கள் லிஃப்டுக்குக் காத்திராமல் படியால் ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

ஜிம்மின் கடைக்கோடியில், சிவப்புக் கம்பி பூட்டிய அவசரக் கதவின் முன்னால் நாயகம் அண்ணை நின்றுகொண்டிருந்தார். வயது எழுபத்தெட்டு. முப்பது வருடம் இதே லாசாலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்று வேலை செய்து முழங்கால்களைக் கொடுத்துவிட்டு வந்தவர். அவருக்கு முன்னால், சக்கர நாற்காலியில், அவருடைய மனைவி திலகம் அக்கா. தலை வாரி, பொட்டு வைத்து, ஊதா நிற ஸ்வெட்டர் போட்டு, காலில் சப்பாத்தும் மாட்டி, அக்காவை வெளியே போக ஆயத்தப்படுத்தியிருந்தார்.

“பிள்ளை, உவங்கள் கதவை மாத்திப்போட்டாங்கள். தள்ளினாக் கத்துது!” என்றார், அலாரத்துக்கு மேலாகக் குரல் கொடுத்து.

கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். முன்பு புல் இருந்த இடத்தில் சீமெந்து. அதன்மேல் வரிசையாக ஏசி இயந்திரங்கள். சுற்றிக் கம்பி வேலி.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

திலகம் அக்காவுக்கு நான்கு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் முக்கால்வாசி போய்விட்டது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பராமரிப்புப் பிரிவில் அக்கா. மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறையில் அண்ணை. ஒரே கட்டடம், ஒரே கூரை... இரண்டு கட்டில். காலையில் இறங்கி வருவார். இரவுச் சாப்பாடு முடிய ஏறிப் போவார்.

அக்காவின் அறையிலிருந்து பத்து அடியில் ஒரு பக்கவாசல் இருந்தது. படி இல்லை, மேடு இல்லை. தள்ளினால் திறக்கும். வெளியே ஒரு துண்டுப் புல்தரை, புளிப்பு ஆப்பிள் மரம் ஒன்று, யாரோ விட்டுப்போன இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். குளிர்காலத்தில் வாகனத் தரிப்பிடத்துப் பனியை எல்லாம் அங்கேதான் கொண்டுவந்து குவிப்பார்கள். அழகு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் பனி கரைந்த நாளிலிருந்து அடுத்த பனி விழும் நாள்வரை, ஒவ்வொரு பின்னேரமும் அண்ணை அக்காவை அங்கே தள்ளிக்கொண்டு போவார். இரண்டு பேரும் மரத்துக்குக் கீழே ஒரு மணித்தியாலம் இருப்பார்கள்.

எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“உள்ளுக்கை இருந்தா ஒரு சொல்லும் வராது பிள்ளை. வெளியாலை போனா என்னை ஏசுவா” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“உண்மைதான். கல்யாணம் கட்டின நாளிலையிருந்து ஏச்சு வாங்கின ஆள் நான். பாரிசவாதம் வந்து ஏழு மாசம் ஒரு ஏச்சும் இல்லை. எனக்கு விசர் பிடிக்காத குறை. பேந்து ஒருநாள் உந்த மரத்தடிக்குக் கொண்டுபோனன். காத்து அடிச்சு என்ரை தொப்பி பறந்திட்டுது. உடனை சொன்னா... ‘விசர் மனிசன்.’ எவ்வளவு வடிவாச் சொன்னா தெரியுமே!”

அதற்குப் பிறகு நாளுக்கு இரண்டு, மூன்று சொல். சட்டையின் பொத்தானைப் பற்றி. வழிக்காத தாடியைப் பற்றி. மரத்தில் ஏறுகிற அணிலுக்கும் ஒன்றிரண்டு விழும்.

ஒருமுறை அதை நானும் கேட்டிருக்கிறேன். பக்கவாசல் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று. “தாடி... பிச்சைக்காரன்” என்று அக்காவின் குரல் கேட்டது. ஆசையோடு கதவைத் திறந்துகொண்டு போனேன். அவ்வளவுதான். என்னைக் கண்டதும் அக்கா வாயை மூடிக்கொண்டு, பாதி முகத்தால் அழகாகச் சிரித்தார். வந்த ஆளுக்கு முன்னால் புருசனை ஏசக் கூடாது அல்லவா? பேச்சுப் போனாலும் மரியாதை போகாது நம்மவர்களுக்கு.

அந்த மரியாதையில்தான் வினையே இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு இலையுதிர்காலத்தில், இந்தக் கட்டட விரிவாக்கத்துக்காக எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். நான்கு பக்கப் படிவம். உங்களுக்கு என்ன வேண்டும்? எதை வைத்திருக்க வேண்டும்? எங்கே இருக்க விருப்பம்? அங்கே நம்மவர்கள் பதினொரு பேர். படிவம் பிரெஞ்சில். யார் நிரப்புவது? வேறு யார்... அடியேன்தான்! எனக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மரக்கறிக் கடையில் எட்டு வருடம் கல்லாவில் நின்று, வாடிக்கையாளர்களிடம் பொறுக்கிச் சேர்த்தது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்று எங்கள் மாமி சொல்லுவார். நான் அந்த வாயை வைத்துத்தான் மொன்றியல் முழுவதும் போய் வந்தேன்.

சாப்பாட்டு அறையில் பதினொரு பேரையும் இருத்தி, ஒவ்வொருவராகக் கேட்டேன்.

பூரணம் அக்கா, எண்பத்தொரு வயது, அந்தக் கட்டடத்திலேயே நீளமான நாக்கு, முதலில் சொன்னார்: “எனக்கென்னத்துக்கடி பிள்ளை? இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கிற கட்டை. ஒண்டும் வேண்டாமெண்டு எழுது.”

எழுதினேன்.

நாயகம் அண்ணையிடம் வந்தேன். “பக்கத்துப் புல்தரையைப் பாவிக்கிறியளோ எண்டு கேட்டிருக்கு அண்ணை.”

“அது... இடைக்கிடை போறனாங்கள்.”

“அதை அப்பிடியே வைச்சிருக்க வேணுமோ எண்டும் கேட்டிருக்கு.”

அண்ணை கையை விசிறினார். “சீச்சீ. எங்களுக்கெண்டு அவை மினக்கெட வேண்டாம். எல்லாம் நல்லாத்தானே கிடக்கு. கரைச்சல் இல்லையெண்டு எழுது பிள்ளை.”

வெளியே காரில் என்னுடைய மனிதர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். ‘அரிதாக’ என்ற கட்டத்தில் ஒரு புள்ளடி. ‘தேவையில்லை’ என்ற கட்டத்தில் இன்னொன்று. பதினொரு படிவமும் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. கொண்டுபோய் மனேஜர் மேடத்திடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் சமூகத்து ஆட்கள் எவ்வளவு திருப்தியானவர்கள்!” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்குப் போய் மனிதரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன் என்றால் பாருங்கள்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். நம்முடைய வீடுகளில் ‘வேண்டாம்’ என்றால் என்ன அர்த்தம்?

“தேத்தண்ணி குடிக்கிறியளோ?” என்று கேட்டதும் “ஓம், கொண்டு வாங்கோ” என்று சொன்ன விருந்தாளியை உங்கள் ஆயுளில் கண்டிருக்கிறீர்களா? “வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்” என்போம். தொண்டை காய்ந்து கிடக்கும்; ஆனாலும் அப்படித்தான் சொல்வோம். கேட்டவரும் அதைக் காதில் வாங்காமல் குசினிக்குப் போய்க் கேத்தலைப் போடுவார். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்பவர் மனதாரக் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாவது தடவைதான் கேள்வி. கல்யாண வீட்டில் பந்திக்குக் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்று பத்து வருடம் கதைக்காமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சும்மா வாய்ச்சொல்லுக்குக் கேட்டார்கள் என்று வருந்துவார்கள்.

இந்த ஊரில் ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். நீ சொன்னதை நம்பிவிடுவார்கள். அதுதான் அவர்களுடைய மரியாதை!

எனக்கு இது தெரியாதா? என்னைவிட யாருக்குத் தெரியும்? புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை செய்த காலத்தில், தோலை உரிக்கிற ஒரு குளிரில், கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரப் பெண் காரை நிறுத்தி “மெட்ரோவரைக்கும் வருகிறாயா?” என்று கேட்டாள். “பரவாயில்லை, உனக்கு எதற்குச் சிரமம்” என்றேன். “சரி, நாளைக்குப் பார்ப்போம்” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டாள். நாற்பது நிமிடம் பஸ்ஸுக்கு நின்றேன். அவளைத் திட்டிக்கொண்டே நின்றேன். இப்படி ஒரு பாடம் படித்தவள், பதினொரு கிழங்களிடம் போய் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேனாவை மூடியிருக்கிறேன்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு இத்தாலியத் தாத்தா தனக்குப் பந்து உருட்ட ஒரு இடம் வேண்டுமென்று, அதற்கு நீளம் அகலம் எல்லாம் போட்டு, பென்சிலால் படம் கீறிக் கொடுத்திருந்தார். கிடைத்தது. இரண்டு கிரேக்கப் பெண்மணிகள் தக்காளி நட இடுப்பளவு உயரத்தில் பெட்டிகள் கேட்டார்கள். கிடைத்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நம் ஊரில் சொல்லி வைத்தவர்கள் நாம்தான். சொல்லிவிட்டு, அழுவது மரியாதையில்லை என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் நாம்தான்.

வேலை தொடங்கியது. புல்தரையைச் சுற்றி வேலி போட்டார்கள். மரத்தை வெட்டினார்கள். பக்கவாசலைப் பலகை வைத்து அடைத்தார்கள். அண்ணை கலங்கவே இல்லை. “வேலை முடியத் திறப்பினம் பிள்ளை. சாமானுகள் கிடக்குதெல்லோ, ஆக்களுக்கு இடிச்சுப்போடும்” என்று அவர்களுக்காக அவரே நியாயம் பேசினார்.

முன்வாசலால் ஒருமுறை கொண்டுபோய்ப் பார்த்தார். அது பெரிய வீதிக்கு இறங்குகிற சரிவு. அவருடைய முழங்காலுக்கு அந்த நாற்காலியைப் பிடிக்க முடியவில்லை. உருண்டு போய் ஒரு பூச்சாடியில் முட்டி நின்றது. கடவுளே என்று அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு அண்ணை தனியாக அந்த வழியால் போகக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். இந்தக் கதையில் எல்லாமே நியாயமாகத்தான் நடந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் முழுதாக உள்ளே. கட்டி முடிகிற நாளை அண்ணை விரலில் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகுதான் திறப்பு விழா. ஊதா நிற ஸ்வெட்டர். அலாரம்.

மனேஜர் மேடம் கையில் கத்தரிக்கோலோடு இறங்கி ஓடி வந்தார். நல்ல மனுசி, அதை மறைக்கக் கூடாது. அலாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, முழந்தாளிட்டு அக்காவுக்குப் போன்ஜூர் சொன்னார். பிறகு விளக்கினார். பழைய பக்கவாசல் இருந்த இடம் இப்போது ஜிம்; அதன் கடைசியில் உள்ள இந்தக் கதவு தீ விபத்து போன்ற அவசரத்துக்கு மட்டும். வெளியே போக மேலே டெராஸ் இருக்கிறது... முன்னையதைவிடப் பெரிது, நல்ல வெயில், நதியும் தெரியும். பராமரிப்புப் பிரிவில் இருக்கிறவர்கள் பணியாளர் துணையோடுதான் மேலே போகலாம். புதன்கிழமைகளில் இரண்டு மணிக்கு. மழை இல்லாவிட்டால். ஆள் வசதி இருந்தால்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணை தலையாட்டினார். “ஓம் ஓம். நல்லது. மெர்சி, மெர்சி.”

மேடம் நிம்மதியாக ரிப்பன் வெட்டப் போனார். அவர் போன பிறகு அண்ணை என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அப்ப எங்கட கதவு பேந்து திறப்பினமோ?”

அதற்குள் பூரணம் அக்கா கேக் தட்டோடு வந்துவிட்டார். “கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிச்சுக்கொண்டு குடுக்குமெண்டு சொல்லுவினம். இவங்கள் கூரையிலையே வைச்சிட்டுப் போட்டாங்கள், ஏறி எடுங்கோ எண்டு!” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எனக்கும் அந்த மரத்தடி நல்ல விருப்பமடி” என்றார்.

“அப்ப ஏன் அக்கா அண்டைக்குச் சொல்லேல்லை?”

“நீ எங்கை வடிவாக் கேட்டனீ?”



மறுநாள் மனேஜர் மேடத்தின் அறைக்குப் போனேன். சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன், பொய் எதற்கு? புருசனும் பெண்சாதியும் ஒவ்வொரு நாளும் போய் இருந்த இடம் அது என்றேன். யாரிடம் கேட்டு எடுத்தீர்கள் என்றேன். அவர் ஒரு கோப்பை எடுத்து, ஒரு தாளை உருவி, என் பக்கம் திருப்பி வைத்தார். ‘அரிதாக’ — புள்ளடி. ‘தேவையில்லை’ — புள்ளடி. கீழே, உதவியவர் என்ற இடத்தில், கொம்பு சுழித்த என் கையெழுத்து.

“பதினொரு பேரும் இதையே சொன்னார்கள்” என்றார். “புல்தரையை வைத்திருக்க ஒருவராவது கேட்டிருந்தால் வரைபடத்தை மாற்றியிருப்போம். அப்போது அது பெரிய வேலையே இல்லை.”

இப்போது? இப்போது சீமெந்து.

நம்மவர்களின் ‘வேண்டாம்’ பற்றி அவருக்கு விளக்க முயன்றேன். தேத்தண்ணி, கல்யாணப் பந்தி எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கடைசியில், “அப்படியானால் உண்மையாகவே வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். பணிவு, அடக்கம் என்று இத்தனை காலம் இதற்குப் பெயர் வைத்திருந்தோம். எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. என் மனதில் இருப்பதை நீயே கண்டுபிடி, கண்டுபிடிக்காவிட்டால் நீ அன்பில்லாதவன்... இதில் அடக்கம் எங்கே இருக்கிறது? வாய் திறந்து கேட்காமல் இருந்துவிட்டு, தராதவரை ஆயுள் முழுக்க மனதுக்குள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். கசக்கிறதா? எனக்கும்தான். ஆனால் அந்தத் தாளில் இருந்தது வேறு யாருடைய கையெழுத்தும் இல்லையே.

சனிக்கிழமைகளில் இப்போது நான் போகிறேன். பொறுப்பு நான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்காவை முன்வாசலால் நான் தள்ளிக்கொண்டு போகிறேன். அண்ணை பக்கத்தில் நடந்து வருகிறார். வீதியோரம் ஒரு வாங்கு இருக்கிறது. அக்காவின் நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அண்ணையும் நானும் அதில் இருப்போம். காற்று அடிக்கும். அண்ணையின் சட்டையில் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கும். வேண்டுமென்றே மாறிப் பூட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அக்கா அதைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, மரியாதையாகச் சிரிப்பார்.

கொஞ்சம் தள்ளி நின்றும் பார்த்தேன். என்னுடைய நிழல் தெரிந்தாலே போதும், அக்கா வாய் திறக்க மாட்டார். புதன்கிழமை டெராஸில் சொல்லவே வேண்டாம். பணியாளர், கிரேக்கப் பெண்மணிகள், தக்காளி... அத்தனை பேருக்கும் ஒரே சிரிப்பு.

“ஒண்டும் சொல்லேல்லையோ அண்ணை?” என்று போன சனிக்கிழமை கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. நல்ல மனிசியாகீட்டா” என்றார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மனேஜர் மேடம் என்னைக் கூப்பிட்டார். புதிய வசதிகள் எப்படி என்று குடியிருப்பாளர்களிடம் கேட்க வேண்டுமாம். இந்தமுறை எல்லோருக்கும் இலகுவாக இருக்கட்டும் என்று எழுத்தே இல்லாமல் ஒரு தாள் அடித்திருந்தார்கள். ஐந்து முகங்கள். பெரிய சிரிப்பில் தொடங்கி, உதடு கீழே வளைந்த முகம் வரைக்கும். ஏதாவது ஒன்றில் புள்ளடி போட்டால் சரி.

நாயகம் அண்ணை தாளைப் பார்க்கக்கூட இல்லை. “நல்லதெண்டு போட்டுவிடு.”

“அண்ணை, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. என்ன வேணும்?”

“ஒண்டும் வேண்டாம் பிள்ளை. உனக்கேன் கரைச்சல்.”

நான் பேனாவை மேசையில் வைத்தேன். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தேன். “எனக்கு ஒரு அவசரமும் இல்லை அண்ணை. என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ.”

அண்ணை அப்போதுதான் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“அவ என்னை ஏச வேணும்” என்றார்.

நீங்களே சொல்லுங்கள்... இதற்கு நான் எந்த முகத்தில் புள்ளடி போட?